மரியாதைக்கு எத்தனை சதவீதம்?

1999 மார்ச் 27. பிரான்ஸின் ரெனால்ட் நிறுவனமும் ஜப்பானின் நிசானும் டோக்கியோவில் ஒப்பந்தம் போட்டன. 64,300 கோடி யென் கொடுத்து நிசானின் 36.8 சதவீதப் பங்குகளை ரெனால்ட் வாங்கிக்கொண்டது. அன்றைய மதிப்பில் 540 கோடி டாலர். கார் உலகில் இதை நல்ல பேரம் என்று சொல்லத் துணிந்தவர்கள் மிகக் குறைவு. நிசானின் தலைமேல் 2 லட்சம் கோடி யென்னுக்கு மேல் கடன் இருந்தது. அது விற்ற 43 வகைக் கார்களில் லாபம் தந்தவை நான்கு மட்டுமே. அமெரிக்கக் கார் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட பாப் லட்ஸ், அந்தப் பணத்தைத் தங்கமாக வாங்கிக் கப்பலில் ஏற்றி நடுக்கடலில் தள்ளினாலும் இதே பலன்தான் என்கிற பொருளில் சொன்னது பரவலாகப் பேசப்பட்டது.

கடனைக் காட்டிலும் பலரைப் பயமுறுத்திய விஷயம் ஒன்று உண்டு. இந்த இரண்டு கம்பெனிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு முடிவையாவது எடுக்க முடியுமா? ரெனால்ட் 1945இல் அரசுடைமையாகி, 1996இல்தான் தனியார் கைக்கு மாறிய கம்பெனி. அதற்குப் பிறகும் பிரெஞ்சு அரசு அதில் பெரிய பங்குதாரர். நிசானோ தன் பொறியியலில் அளவற்ற பெருமை கொண்டது. தொழில்நுட்பம் என்றால் நிசான் என்று ஜப்பானில் பேச்சு. இரண்டுக்கும் மொழி வேறு, சம்பள முறை வேறு, ஓய்வு பெறும் வரை ஒரே இடத்தில் இருப்பதா வேண்டாமா என்கிற எண்ணமே வேறு.

ஆனால் 2000ஆம் நிதியாண்டிலேயே நிசான் 33,000 கோடி யென்னுக்கு மேல் லாபம் காட்டியது. உலகெங்கும் நிர்வாகவியல் வகுப்புகளில் இந்தக் கூட்டணி பாடமானது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அதே கூட்டணியின் தலைவர் டோக்கியோ விமான நிலையத்தில் கைதானார். அடுத்த சில மாதங்களில் இரண்டு கம்பெனிகளும் ஒன்றை ஒன்று சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கின. வெற்றியைப் பாடமாக்கியவர்கள் தோல்வியை வேறு ஒரு கதையாக, ஒரு தனிமனிதரின் வழக்காகப் பிரித்து வைத்துவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுச்சிக்கும் முறிவுக்கும் வேர் ஒன்றே. எதிர்த் தரப்பு ஆட்களின் கையில் முடிவை விட்டுவைக்கும் பழக்கம் முதலில் இருந்தது. பிறகு இல்லாமல் போனது.

இங்கே நிறுவனப் பண்பாடு என்று நான் சொல்வதை விளக்கிவிட வேண்டும். கெட்ட செய்தியை முதலில் யாரிடம் சொல்வது? மேலதிகாரி தப்பான எண்ணைச் சொன்னால் கூட்டத்திலேயே திருத்துவதா, பிறகு தனியே போய்ச் சொல்வதா? ஒரு பாகம் தாமதமானால் வாங்கும் பிரிவு பதில் சொல்லுமா, வடிவமைக்கும் பிரிவு சொல்லுமா? இவற்றுக்கெல்லாம் எழுதப்படாத விடைகள் ஒவ்வொரு கம்பெனியிலும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் ஆறு மாதத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வார். கூட்டு ஒப்பந்தத்தின் நூற்றுக்கணக்கான பக்கங்களில் இதற்கு ஒரு பத்திகூட இருக்காது.

வால்வோவில் பட்ட சூடு

ரெனால்டின் அன்றைய தலைவர் லூயி ஷ்வெய்ட்சர் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர். ரெனால்டும் ஸ்வீடனின் வால்வோவும் 1990 முதல் ஒருவர் பங்கை ஒருவர் வைத்துக்கொண்டு நல்லபடியாகத்தான் இருந்தன. 1993 செப்டம்பரில் முழு இணைப்பு அறிவிக்கப்பட்டது. புதிய கம்பெனியில் 65 சதவீதம் பிரெஞ்சுத் தரப்புக்கு. ஸ்வீடனில் எதிர்ப்பு கிளம்பியது. பங்குதாரர்கள் மட்டும் எதிர்க்கவில்லை. வால்வோவின் சொந்த மேலாளர்களே எதிர்த்தார்கள். பாரிஸில் உட்கார்ந்திருக்கும் அரசாங்கத்துக்கு நம் கம்பெனி கட்டுப்பட்டுவிடும் என்பது அவர்களது பயம். அந்த டிசம்பரிலேயே இணைப்பு கைவிடப்பட்டது. வால்வோவின் நெடுநாள் தலைவர் பெர் கில்லன்ஹாமர் பதவி விலகினார். கணக்கு ஏடுகளில் அந்த இணைப்பில் பெரிய குறை ஒன்றும் இருக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் 1998இல் நிசானின் தலைவர் யோஷிகாசு ஹனாவாவுக்கு ஷ்வெய்ட்சர் எழுதியபோது இணைப்பைப் பற்றிப் பேசவில்லை. இரு கம்பெனிப் பொறியாளர்களும் சேர்ந்து எங்கெங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று முதலில் ஆராயட்டும் என்றார். பல கூட்டுக் குழுக்கள் அமைந்தன. பங்கு விலை பேசும் முன்பே ரெனால்ட் ஆட்கள் நிசான் ஆலைகளையும் நிசான் ஆட்கள் ரெனால்ட் ஆலைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் குறையை ஒருவர் கண்ணால் கண்டார்கள். பேரத்துக்கு முன்பே குறை தெரிந்திருப்பது பெரிய விஷயம். பின்னால் ஏமாந்துவிட்டோம் என்ற நினைப்பு வராது.

அதே நேரத்தில் நிசானை வாங்க இன்னொரு கம்பெனியும் விலை பேசிக்கொண்டிருந்தது. ரெனால்டைவிடப் பணமும் பேரும் கூடுதலாக உள்ள டைம்லர்கிறைஸ்லர். 1999 மார்ச்சில் அது விலகிக்கொண்டது. நிசானின் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். ஏனென்றால், 1998இல் சமமானவர்களின் இணைப்பு என்று உலகுக்கு அறிவித்து டைம்லரும் கிறைஸ்லரும் ஒன்றானபோது, ஜெர்மன் தலைவர் யூர்கன் ஷ்ரெம்பின் மனத்தில் சமம் என்பதே இல்லை. கிறைஸ்லரை ஒரு பிரிவாக வைத்துக்கொள்வதுதான் ஆரம்பத்திலிருந்தே திட்டம் என்று 2000இல் அவரே பத்திரிகைப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். அதற்குள் கிறைஸ்லரின் திறமையான நிர்வாகிகள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டிருந்தார்கள். 2007இல் கிறைஸ்லரின் 80.1 சதவீதத்தை ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் தள்ளிவிட்டு டைம்லர் கை கழுவியது. ஜெர்மானியர் முறைப்படி நடப்பார்கள், அமெரிக்கர் வேகமாக நடப்பார்கள், அதனால் ஒத்துவரவில்லை என்று இந்தக் கதையை எழுதிய கட்டுரைகள் ஏராளம். சமம் என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் கீழே உட்கார வைத்தால் எந்த நாட்டுக்காரர்தான் இருப்பார்?

கோஸ்ன் செய்ததும் செய்யாததும்

1999 ஜூனில் கார்லோஸ் கோஸ்ன் நிசானின் செயல்பாட்டுத் தலைவரானார். பிரேசிலில் பிறந்து, பெய்ரூட்டில் வளர்ந்து, பாரிஸில் படித்தவர். டயர் கம்பெனியான மிஷ்லினில் 18 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 1996இல் ரெனால்டுக்கு வந்தவர். பெல்ஜியத்தின் வில்வோர்டு ஆலை 1997இல் மூடப்பட்டபோது அவருக்கு செலவைக் கொல்பவர் என்ற பட்டப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் பாரிஸிலிருந்து ஒரு திட்டத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து இறக்கியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

அவர் அப்படிச் செய்யவில்லை. ரெனால்டிலிருந்து ஒரு சிறு குழுவை மட்டுமே அழைத்து வந்தார். பிறகு நிசானின் நடுத்தர மேலாளர்களை, பெரும்பாலும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருந்தவர்களை, ஒன்பது குழுக்களாகப் பிரித்தார். கொள்முதல், உற்பத்தி, ஆராய்ச்சி, விற்பனை, நிதி என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைப்பு. ஒவ்வொரு குழுவிலும் பல துறைக்காரர்கள். மூன்று மாதத்துக்குள் யோசனைகளோடு வர வேண்டும். தொடக்கூடாத விஷயம் என்று எதுவும் கிடையாது. இதைத் தவிர வேறு கட்டளை அதிகம் இல்லை.

ஜப்பானியக் கம்பெனி நடைமுறை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். அங்கே ஒரு யோசனை கூட்ட அறைக்குள் நுழையும் முன்பே சம்பந்தப்பட்ட ஒவ்வொரு மேலாளரிடமும் தனித்தனியாகப் பேசி, ஆட்சேபணைகளைக் கரைத்து, எல்லோர் தலையும் ஆடிய பிறகுதான் முறைப்படி வைக்கப்படும். கூட்டத்தில் சண்டை இருக்காது. வேலை முன்பே முடிந்திருக்கும். இந்த முறைக்கு ஒரு பலம் உண்டு. முடிவானதும் எல்லோரும் சேர்ந்து ஓடுவார்கள். ஆனால் நிசானில் அது நோயாகிப் போயிருந்தது. கார் விற்கவில்லை என்றால் வடிவமைப்பைக் குறை சொன்னது விற்பனைப் பிரிவு. வடிவமைப்பாளர்கள் நிதிப் பிரிவைக் காட்டினார்கள். ஒரு துறையின் வட்டத்துக்குள் இன்னொரு துறை தலையிடுவது பண்பில்லாத செயல். அதனால் கம்பெனி முழுகிக்கொண்டிருந்தாலும் ஒவ்வொரு துறையும் தன்னளவில் சரியாகவே இருந்தது.

ஒன்பது குழுக்கள் அந்த வட்டங்களை உடைத்தன. அக்டோபர் 18ஆம் தேதி கோஸ்ன் அறிவித்த மறுமலர்ச்சித் திட்டம் கடுமையானது. ஐந்து ஆலைகள் மூடல். 21,000 வேலைகள் குறைப்பு. 1,145 ஆக இருந்த சப்ளையர்களின் எண்ணிக்கையை 600க்குக் கொண்டுவருவது. மூடப்பட்டவற்றில் டோக்கியோவுக்கு அருகே இருந்த முராயாமா ஆலையும் ஒன்று, ஜப்பானியர் நெஞ்சில் வைத்துக் கொண்டாடிய ஸ்கைலைன் கார் தயாரான இடம். எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி வேறு: நிசான் 1,394 கம்பெனிகளில் பங்கு வைத்திருந்தது, அவற்றில் நான்கைத் தவிர எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்றார் கோஸ்ன். ஜப்பானில் கம்பெனிகள் ஒன்றில் ஒன்று பங்கு வைத்துக்கொள்வது முதலீட்டுக்காக மட்டும் அல்ல, உறவுக்காக. அந்த உறவை அறுப்பதை ஒரு ஜப்பானியத் தலைவர் செய்திருந்தால் முகம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நான் இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். இந்த யோசனைகள் எதுவும் பிரான்ஸிலிருந்து வரவில்லை. எந்தச் சப்ளையர் விலையைக் கூட்டிவைத்திருக்கிறார், எந்த ஆலை பாதி நாள் சும்மா நிற்கிறது என்பதெல்லாம் நிசான் ஆட்களுக்கு ஆண்டுக்கணக்கில் தெரியும். சொல்ல இடம் இல்லை. வெளியாள் ஒருவர் வந்து, சொன்னவரைக் காப்பாற்றும் பொறுப்பைத் தான் எடுத்துக்கொண்டார். கடன் பாதியாகாவிட்டாலும் லாபம் வராவிட்டாலும் தானும் நிர்வாகக் குழுவும் பதவி விலகுவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். திட்டம் குறித்த காலத்துக்கு ஓராண்டு முன்னதாகவே நிறைவேறியது. கோஸ்ன் ஜப்பானில் காமிக்ஸ் நாயகனாகவே ஆனார்.

21,000 வேலைகள் போனதை இந்த வெற்றிக் கதை எளிதாகத் தாண்டிப் போகிறது. முராயாமா தொழிலாளிக்கு எந்தக் குழுவிலும் நாற்காலி இருக்கவில்லை. பண்பாட்டைக் காத்துக்கொண்டே மாற்றினார் கோஸ்ன் என்று புகழும்போது, யாருடைய பண்பாடு என்றும் கேட்டாக வேண்டும்.

தராசு சாய்ந்தது

2002இல் கூட்டணியின் கட்டமைப்பு முடிவானது. ரெனால்டின் பங்கு 44.4 சதவீதமாக உயர்ந்தது, பின்னர் 43.4இல் நின்றது. நிசான் ரெனால்டில் 15 சதவீதம் வாங்கியது. ஆனால் ரெனால்டின் பங்குக்கு ஓட்டு உண்டு, நிசானின் பங்குக்கு ஓட்டு இல்லை. தன்னில் 40 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் கம்பெனியின் பங்கை வாங்கினால் அதற்கு ஓட்டுரிமை கிடையாது என்பது பிரெஞ்சுச் சட்டம்.

அன்றைக்கு இது யாரையும் உறுத்தவில்லை. முழுகவிருந்தவனைக் கரையேற்றியவர் ஒரு படி மேலே இருப்பது நியாயம்தானே. ஆனால் நிசான் வளர்ந்தது. 2017இல் நிசான் விற்றது 58 லட்சம் வண்டிகள். ரெனால்ட் 37 லட்சம் சொச்சம். இடையில் கூட்டணியில் சேர்ந்திருந்த மிட்சுபிஷியையும் சேர்த்து மொத்தம் ஒரு கோடியே 6 லட்சம். ரெனால்டின் ஆண்டு லாபத்தில் பெரிய துண்டு நிசானிலிருந்து வரும் பங்காகவே பல ஆண்டுகள் இருந்தது. சம்பாதிப்பவர் ஒருவர், ஓட்டுப் போடுபவர் இன்னொருவர். இந்த நிலையில் பதினைந்து ஆண்டுகள் ஓடின.

2015இல் காயம் வெளியே தெரிந்தது. நீண்ட காலம் பங்கு வைத்திருப்பவர்களுக்கு இரட்டை ஓட்டு தரும் சட்டத்தை பிரான்ஸ் முந்தைய ஆண்டு கொண்டுவந்திருந்தது. ரெனால்ட் பங்குதாரர் கூட்டத்தில் அதை நிறைவேற்றிக்கொள்ள வசதியாக, பிரெஞ்சு அரசு தன் பங்கை 15இலிருந்து 19.7 சதவீதமாகத் தற்காலிகமாக உயர்த்தியது. அப்போதைய பொருளாதார அமைச்சர் எம்மானுவேல் மக்ரோன். ரெனால்டில் அரசின் கை ஓங்கினால் அது நிசான் வரை நீளும் என்று நிசானின் தலைமையகம் உள்ள யோகோஹாமாவில் கொதித்தார்கள். அந்த டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. நிசான் நிர்வாகத்தில் தலையிடுவதில்லை என்று எழுதி வாங்கினார்கள். 1993இல் வால்வோ மேலாளர்கள் பயந்தது எதற்கோ, 22 ஆண்டு கழித்து நிசான் மேலாளர்கள் பயந்ததும் அதற்குத்தான். ஷ்வெய்ட்சர் கற்ற பாடம் கம்பெனியின் ஞாபகத்தில் தங்கவில்லை.

ஏன் தங்கவில்லை? என் பார்வையில் காரணம் கோஸ்னின் வெற்றியேதான். 2005இல் அவர் இரண்டு கம்பெனிகளுக்கும் ஒரே நேரத்தில் தலைமை நிர்வாகியானார். பாரிஸுக்கும் டோக்கியோவுக்கும் இடையே விமானத்திலேயே வாழ்ந்தார். இரு தரப்பும் மோதும்போது தீர்ப்புச் சொல்ல அவர் ஒருவர் போதும் என்று ஆனது. 1999இல் ஒன்பது குழுக்களில் இருந்த அதிகாரம் மெல்ல மெல்ல ஒரு மனிதரிடம் போய்ச் சேர்ந்தது. கொள்முதலும் பொறியியலும் மேலும் மேலும் ஒன்றாக்கப்பட்டன. ஒன்றாக்கும் ஒவ்வொரு முறையும், யாருடைய அளவுகோல் ஜெயித்தது என்ற கணக்கை இரு தரப்பு பொறியாளர்களும் மனத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

2018இல் ரெனால்ட் அவருக்குப் பதவி நீட்டிப்பு தந்தபோது கொடுத்த வேலை, கூட்டணியைத் திரும்பிப் போக முடியாததாக ஆக்குவது. முழு இணைப்பு வருகிறது என்று நிசானில் புரிந்துகொண்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 19 அன்று ஹனேடா விமான நிலையத்தில் கோஸ்ன் கைதானார். வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாகவும் கம்பெனிப் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகவும் குற்றச்சாட்டு. அவர் அனைத்தையும் மறுத்தார். இணைப்பைத் தடுக்க நிசான் அதிகாரிகள் செய்த சதி என்றார். 2019 டிசம்பர் கடைசியில் ஜாமீனில் இருந்தபடியே ஜப்பானிலிருந்து தப்பி லெபனான் போனார். அவருடைய வழக்கின் நியாயம் நீதிமன்றத்தில் தீரவே இல்லை. ஆனால் கூட்டணியைப் பொறுத்தவரை ஓர் உண்மை அவர் கைதான இரவே வெளிப்பட்டது. அந்த ஒரு மனிதர் இல்லாதபோது, இரு கம்பெனிகளும் தமக்குள் பேசிக்கொள்ள வேறு பழகிய வழி இல்லை.

ஒரகடத்தில் நடந்தது

இந்தக் கதையில் நமக்கு ஓர் அத்தியாயம் உண்டு. ரெனால்டும் நிசானும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து கட்டிய முதல் ஆலை காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில், 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4 லட்சம் கார்களுக்கு மேல் தயாரிக்கும் திறன். மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் இருவருக்கும் பொதுவான தொழில்நுட்ப மையம்.

தொடக்க ஆண்டுகளில் ஒரகடத்தில் கூட்டணி என்பது பெரும்பாலும் முன்பக்க கிரில்லை மாற்றுவதாகவே இருந்தது. நிசான் மைக்ரா ரெனால்ட் பல்ஸ் ஆனது. நிசான் சன்னி ரெனால்ட் ஸ்காலா ஆனது. ரெனால்ட் டஸ்டர் நிசான் டெர்ரானோ ஆனது. நம் வாடிக்கையாளர் இதை உடனே கண்டுகொண்டார். டஸ்டரைத் தவிர மற்றவை பெரிதாக ஓடவில்லை.

பிறகு வந்தார் ஜெரார் டெட்டூர்பே. ரெனால்டின் மலிவு விலைக் கார் லோகனுக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர். ஓய்வெடுக்க வேண்டிய வயதில் சென்னைக்குக் குடிவந்தார். இரண்டு கம்பெனிகளுக்கும் பொதுவான ஒரு சின்னக் காரை, இந்திய விலைக்கு, இந்தியாவிலேயே உருவாக்குவது அவர் பணி. தளம் புதிது, என்ஜின் புதிது, கியர்பாக்ஸும் புதிது. பாரிஸிலும் யோகோஹாமாவிலும் இருந்த தொழில்நுட்பத் தலைமைகள் தங்கள் அளவுகோல்களை அனுப்பின. டெட்டூர்பேயின் குழுவோ, ஒவ்வொரு பாகத்துக்கும் அந்த அளவுகோல் எதற்கு என்று கேட்டது. வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டு விலை கேட்கும் வழக்கத்தை விட்டு, இந்தியச் சப்ளையர்களை உட்காரவைத்து, இந்த விலைக்கு என்ன செய்யலாம் என்று பேசியது. தலைமையகத்திலிருந்து தூரமாக இருந்ததே அந்தக் குழுவின் பலம். இருவரின் பழக்கமும் அங்கே முழுதாக ஆட்சி செய்யவில்லை. பிரெஞ்சு, ஜப்பானிய, தமிழ்ப் பொறியாளர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து மூன்றாவது பழக்கம் ஒன்றை உண்டாக்கினார்கள்.

2015இல் க்விட் 2 லட்சத்து 57 ஆயிரம் ரூபாயில் சந்தைக்கு வந்தது. ஆல்டோவின் கோட்டைக்குள் நுழைந்த முதல் வெளியாளாக அதைப் பலர் கொண்டாடினார்கள். மறுபக்கமும் உண்டு. 2016இல் குளோபல் என்கேப் முதலில் நடத்திய மோதல் சோதனையில் இந்தியாவில் விற்ற க்விட் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. எந்த அளவுகோலையும் கேள்வி கேட்கலாம் என்ற சுதந்திரம், உயிர்ப் பாதுகாப்பு அளவுகோல் வரை போயிருக்கக் கூடாது. இருந்தும், 1999இன் ஒன்பது குழுக்களுக்குப் பிறகு இந்தக் கூட்டணியில் நடந்த மிக உருப்படியான கூட்டு வேலை என்று நான் எண்ணுவது இதைத்தான். அதற்கும் டெட்டூர்பே என்ற ஒருவர்தான் அச்சாணியாக இருந்தார். அவர் 2019இல் காலமானார்.

அதே சென்னையில், அதே காலத்தில், அதே நிசான் இன்னொரு கூட்டும் வைத்திருந்தது, அசோக் லேலண்டோடு. வண்டித் தயாரிப்பு, என்ஜின், தொழில்நுட்பம் என்று மூன்று கூட்டு நிறுவனங்கள். 2011இல் ஓசூரில் தயாரான தோஸ்த் சிறு லாரி நன்றாகவே விற்றது. ஆனால் தோஸ்த்தை வெற்றியாக்கியது லேலண்டின் டீலர்களும், லாரி ஓட்டுபவரின் தேவையை அறிந்த லேலண்டின் கண்ணும். நிசானுக்கு இது ஒரு ஓரத்து வேலை. கார் பக்கத்துக் கூட்டு முயற்சிகள் எடுபடவில்லை. 2016இல் உரிமங்களும் கட்டணங்களும் சண்டைப் பொருளாகி, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த ஆண்டே நிசானின் பங்கை லேலண்ட் வாங்கிக்கொண்டது. தோஸ்த் இன்றும் நம் சந்தைத் தெருக்களில் காய்கறி ஏற்றிக்கொண்டு ஓடுகிறது.

கூட்டணியைப் பேசுகிறவர்கள் விட்டுவிடும் ஒரு தரப்பையும் ஒரகடமே காட்டியது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், ஆலையின் தொழிற்சங்கம் உயர் நீதிமன்றம் போனது. லைன் ஓடும் வேகத்தில் இடைவெளி விட்டு நிற்க வழியில்லை என்றார்கள் தொழிலாளர்கள். விதிகளைப் பின்பற்றுவதாகச் சொன்னது கம்பெனி. வேலைக்கு வரமாட்டோம் என்று அறிவித்த பிறகு சில நாள் ஆலை நின்றது. பிரெஞ்சுத் தரப்புக்கும் ஜப்பானியத் தரப்புக்கும் எத்தனையோ பொதுக் குழுக்கள் இருந்தன. ஷிஃப்டில் நின்றவருக்கு, தன் பயத்தை உள்ளேயே சொல்லித் தீர்வு காண முடியும் என்ற நம்பிக்கை இருக்கவில்லை. முராயாமாவில் காலியாக விட்ட அதே நாற்காலி இங்கும் காலியாக இருந்தது.

சமம் ஆன பிறகு

கோஸ்னுக்குப் பிந்தைய ஆண்டுகள் இரு கம்பெனிகளையும் உலுக்கின. 2019 மே மாதம் ரெனால்டும் ஃபியட் கிறைஸ்லரும் இணைவதற்கான பேச்சு நடந்தது. நிசான் ஆதரிக்காமல் விலகி நின்றது, பிரெஞ்சு அரசு இழுத்தடித்தது, பேச்சு சில நாட்களில் முறிந்தது. நிசான் அந்த நிதியாண்டில் 67,000 கோடி யென்னுக்கு மேல் நஷ்டம் காட்டியது. 2023 நவம்பரில்தான் பங்குகள் சரிசெய்யப்பட்டன. இருவரும் ஒருவரில் ஒருவர் 15 சதவீத ஓட்டுரிமையோடு இருப்பது. ரெனால்டின் மீதி 28.4 சதவீதம் ஒரு அறக்கட்டளைக்கு. 2002இலோ, போகட்டும், 2010இலோ இதைச் செய்திருந்தால் கூட்டணிக்கு உயிர் இருந்தபோதே சமத்துவம் வந்திருக்கும். உறவு இற்றுப்போன பிறகு வந்த சமத்துவம் பாகப்பிரிவினையின் வேலையையே செய்தது.

இவையெல்லாம் நாட்டுப் பண்பாடுகளின் மோதல் என்று இன்னும் நம்புகிறவர்கள் 2024 டிசம்பர் 23 முதல் 2025 பிப்ரவரி 13 வரை நடந்ததைப் பார்க்க வேண்டும். ஹோண்டாவும் நிசானும் ஒரு பொது நிறுவனத்தின் கீழ் சேர்வது பற்றிப் பேசுவதாக அறிவித்தார்கள். இருவரும் ஜப்பானியர். ஒரே மொழி, ஒரே சந்தை, வரவேற்க ஒரே அரசாங்கம். ஐம்பது நாளில் பேச்சு முறிந்தது. நிசானின் சீரமைப்பு மெதுவாகப் போகிறது என்று பொறுமை இழந்த ஹோண்டா, நிசானைத் தன் துணை நிறுவனமாக்கிக்கொள்ளும் யோசனையை வைத்தது. நிசான் இயக்குநர் குழு மறுத்தது. கையில் வலு இல்லாத நேரத்திலும் மறுத்தது. கோபம் வந்து மறுத்தார்கள், பெருமை பேசி அழிகிறார்கள் என்று பலர் எழுதினார்கள். இருபது ஆண்டுக்கு மேல் ஓட்டில்லாத பங்கோடு உட்கார்ந்திருந்த கம்பெனிக்கு இன்னொரு முறை கீழே உட்காரச் சொல்வது எப்படிக் கேட்டிருக்கும் என்று ஹோண்டா யோசித்ததாகத் தெரியவில்லை. ஹோண்டாவின் அவசரம் வியாபாரக் கணக்கில் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் வரலாற்றைப் படிக்காமல் பேச்சுக்கு வந்தது பெரிய தவறு. நிசானில் தலைவர் மாறினார். 2025 மே மாதம் 20,000 வேலைகளைக் குறைப்பதாகவும் 17 ஆலைகளைப் பத்தாக்குவதாகவும் புதிய தலைவர் இவான் எஸ்பினோசா அறிவித்தார். 1999இன் எண்களுக்கு மிக அருகில் வரும் எண்கள். இந்த முறை ரெனால்ட் இல்லை.

2025 ஆகஸ்டில் ஒரகடம் ஆலையில் நிசான் வைத்திருந்த 51 சதவீதத்தையும் ரெனால்ட் வாங்கிக்கொண்டது. ஆலை இப்போது முழுக்க ரெனால்டுடையது. நிசான் தன் கார்களை அங்கேயே, ஆர்டர் கொடுத்துத் தயாரித்து வாங்கிக்கொள்கிறது. மகேந்திரா வேர்ல்டு சிட்டி தொழில்நுட்ப மையத்தில் மட்டும் ரெனால்டுக்கு 51, நிசானுக்கு 49 என்ற பழைய பங்கு அப்படியே இருக்கிறது. அங்கே இரண்டு கம்பெனிகளின் வரைபடங்களிலும் வேலை செய்யும் நம் பொறியாளர்களிடம்தான், டெட்டூர்பேயின் குழு எப்படி முடிவெடுத்தது என்ற அனுபவம் மிச்சம் இருக்கிறது. அதை யாராவது இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.